துருப்பிடிச்சா செருப்பால அடிங்க

அடக் கடவுளே, பிளீச்சிங் தண்ணியிலயா ஊறப் போட்டீங்க? அதான பாத்தேன். கறுப்பும் செவப்புமா பாம்புத்தோலு கணக்கா ஆயிருக்கே! இல்லக்கா, திட்டல. எல்லாரும் செய்யிறதுதான். கக்கூசையே வெள்ளையாக்குது, சங்கிலிய ஆக்காதான்னு நெனச்சுக்கறது. ஸ்டீலுக்கு எமனே அந்தத் தண்ணிதான்.

இப்ப இல்லையா, போன வருசமா? அப்புறம் ஏன் தூக்கிப் போடாம வெச்சிருக்கீங்க? சரி, விடுங்க. குடுங்க இப்பிடி. ஒரு கிண்ணத்துல வெதுவெதுன்னு தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு, வேற ஒண்ணும் வேணாம். கொதிக்கிற தண்ணி இல்லக்கா, கைய விட்டா எதமா இருக்கணும், அவ்வளவுதான். கோக்கா எலைத் தண்ணியா? இருந்தாக் குடுங்க, வேணாம்னு சொல்ல மாட்டேன். இந்த எல் ஆல்டோ ஊருலயே பொறந்தவதான், இருந்தாலும் இந்த மேட்டுல நகைத் தட்டத் தூக்கிக்கிட்டு ஏறுனா மூச்சு வாங்குது.

நீங்க தங்கம் போடுறதில்லையா? அதுஞ்சரிதான். திருவிழாவுல ஆடப் போற பொம்பளைங்க கழுத்துலருந்து அறுத்துக்கிட்டுல்ல ஓடுறானுங்க. அதான் எங்க ஸ்டீல் நகை யாவாரமே. என் வீட்டுக்காரருதான் ஆரம்பிச்சாரு, பொன்சியானோன்னு பேரு. ஞாயித்துக்கெழமச் சந்தையில அத்தன கூச்சல்லயும் அவரு கொரலு தனியாக் கேக்கும். துருப்பிடிக்காது தாயி, துருப்பிடிச்சா என்னைச் செருப்பால அடி! இதான் அவரு பாட்டு. உருளக்கெழங்கு விக்கிற ஒருத்தி, நெசமாவே செருப்பக் கழட்டி, அடிக்கிறது உறுதி, அதுல பாதிய இப்பவே வாங்கிக்கறியாய்யாம்பா. இவரு கன்னத்தக் காட்டுவாரு. சந்தையே சிரிக்கும்.

பாருங்க, பழைய பல்லு வெளக்குற பிரஷ்ஷு போதும், நார் மெத்துன்னு ஆயிருக்கணும். ஒவ்வொரு கண்ணியாப் போங்க. கம்பி நார் மட்டும் தொடவே கூடாது, கீறிப்புடும். சோப்புக்குக் கறை மசியலன்னா சமையல் சோடா. ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுக் கொழச்சு, ஸ்டீலுல கோடு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமா இழுக்கணும். குறுக்க இழுக்கக் கூடாது.

அவரா? இல்லக்கா, இப்ப நான் மட்டுந்தான் சுத்துறேன். சொல்றேன், கை வேல பாக்கட்டும், வாய் பேசட்டும்.

இதே மாதிரித் தெருவுதான். மண் ரோடு, பூசாத செங்கல் வீடு, முனையில வெளக்குக் கம்பம், அதுல கழுத்துல கயிறு மாட்டித் தொங்குற துணிப் பொம்மை. திருடன் சிக்குனா எரிப்போம்னு அது நெஞ்சுல எழுதியிருக்கும். எங்க தெருவுலயும் தொங்குது, உங்க தெருவுலயும் தொங்குது, யாரு அண்ணாந்து பாக்குறா? அந்த வாரம் அங்க யாரோ வீடு பூந்து கேஸ் சிலிண்டரத் தூக்கிட்டுப் போயிருந்தானுங்களாம். சனம் கொதிச்சுக் கெடந்திருக்கு. இவருக்கு அது எப்பிடித் தெரியும்? தட்டக் கழுத்துல மாட்டிக்கிட்டு, பட்டப்பகல்ல, அந்தப் பாட்டப் பாடிக்கிட்டே போறாரு.

ஒரு அம்மா வீட்டுக்குள்ளருந்து ஓடியாந்துச்சு. கையில சங்கிலி. துருப்பிடிக்காதுன்னு சொல்லித்தானடா வித்த, பாருடா இதன்னு அவரு மூஞ்சியில வீசுச்சு. இவரு சிரிச்சிருக்காரு. அவருக்குக் கோவமே வராது, எனக்கு அவருமேல இருந்த கோவமே அதான். குடு தாயி, இப்ப பளபளன்னு ஆக்கிக் குடுத்துர்றேன்னு சங்கிலியப் பையில போட்டுக்கிட்டு, தண்ணி கேக்கலாம்னு எதுத்த வீட்டுப் பக்கம் நடந்திருக்காரு. ஓடப் பாக்குறான்னு அந்தம்மா நெனச்சிருச்சு. திருடன்னு ஒரே கத்து. அந்த ஒரு சொல்லு போதாதா? தெருவக் கூட்ட விசில் ஊதிட்டாங்க.

தட்டுதான் முதல்ல போச்சு. மோதரமெல்லாம் மண்ணுல. பையக் கிழிச்சு அந்தச் சங்கிலிய எடுத்து அந்தம்மா கையில குடுத்தாங்களாம், நியாயம் கெடச்சிருச்சாம்! அதோட விட்டிருக்கலாமே. கம்பத்துல கம்பியப் போட்டுக் கட்டுனாங்க, பொம்மைக்கு நேர் கீழ. முட்டியத்தான் முதல்ல ஒடச்சாங்க, ஓடாம இருக்க. அப்புறம் வாயி. கட்டை கெடச்சவன் கட்டையால, கல்லு கெடச்சவன் கல்லால. கையில ஒண்ணும் கெடைக்காதவன் செருப்பால. ஒரு பொம்பள தன் பிள்ள கையில கல்லக் குடுத்து, எறிடா, பழகிக்கடாங்குறா. இவரு பல்லு தெறிச்ச வாயோட சோடா, சோடான்னு கத்துறாரு. சோடாவப் போட்டுத் தேச்சாக் கறை போயிரும்னு சொல்ல வந்தவரு. டேய், குடிக்கக் கேக்குறான்டான்னு ஒருத்தன் கலர் பாட்டில அவரு மண்டையில ஒடச்சான். ஒரே சிரிப்பு.

நான் அங்க இல்லக்கா. எவனோ போன்ல படம் புடிச்சிருக்கான். அது ஊரெல்லாம் சுத்தி என் போனுக்கே வந்துச்சு. எங்கூட யாவாரம் பண்றவ ஒருத்தி, யாருன்னு தெரியாமலே அனுப்புனா. பாருடி, திருடன வேக வெக்கிறாங்கன்னு. நான் போர்வை தொவச்சுக்கிட்டு இருந்தேன். ஈரக் கையோட பாத்தேன். ரத்தத்துல மூஞ்சி தெரியல. கம்பளிச் சட்டைதான் தெரிஞ்சுது, நான் பின்னுனது.

பெட்ரோல் ஊத்துறப்ப அவரு கத்தவே இல்ல. சில்லுன்னு, நல்லா இருந்துச்சாம். ஆஸ்பத்திரியில அவரே சொன்னாரு. பேசுனாருக்கா, ஒதடு இருந்த எடத்த வெச்சுக்கிட்டு பேசுனாரு. போலீசு வர்றதுக்குள்ள இடுப்புக்கு மேல பூரா வெந்துருச்சு. கையப் புடிச்சுக்கோன்னாரு, புடிச்சேன், தோலு எங்கூட வந்துருச்சு. நான் அலறிட்டேன். அவருக்கு வலியே தெரியல. என்னைப் பாத்துச் சொல்றாரு, அது துரு இல்ல பாசிலியா, வெறும் கறைதான், அந்தம்மாகிட்டச் சொல்லிருன்னு. அதத்தான் சொன்னாரு. பிள்ளைங்களப் பாத்துக்கோன்னு சொல்லல, என்னையப் பத்தி ஒரு வார்த்த இல்ல. இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆறல.

என்ன கேட்டீங்க? ஆமா, செத்துட்டாரு. ஞாயித்துக்கெழம காலையில, சந்தை கூடுற நேரம். இந்தச் சுத்துப்பட்டுல எத்தனையோ வீட்டுல இதச் சொல்லியிருக்கேன். பொழச்சாரா, செத்தாரான்னு கேட்டது நீங்க மட்டுந்தான்.

இந்தாங்க, முடிஞ்சுது. நல்ல தண்ணியில அலசி, பருத்தித் துணியால ஒத்தி எடுத்துருங்க, ஈரம் நிக்கக் கூடாது. பாருங்க எப்பிடி மின்னுதுன்னு. ஊசி குத்துன மாதிரி பொட்டுப் பொட்டாப் பள்ளம் இருக்கில்ல, அது மட்டும் போகாது. பிளீச்சிங் தண்ணி தின்னது தின்னதுதான்.

போலீசா? வந்தாங்க, வீடு வீடாக் கேட்டாங்க. ஒருத்தரும் பாக்கலயாம். தெருவே சந்தைக்குப் போயிருந்துச்சாம். அந்தக் கம்பமே எறங்கி வந்து அவரக் கட்டிருச்சு போல. எந்தத் தெருவுன்னு எங்கிட்ட ஒருத்தரும் சரியாச் சொல்லல, கம்பத்தக் கூட மாத்திட்டாங்க. படத்துலயும் முகமே கெடையாது. எல்லாம் முதுகு. கட்டுனவன் நீல ஜாக்கெட்டு, அவ்வளவுதான் தெரியுது. ஆனா கொரலு இருக்கு. திருடன்னு கத்துற ஒரு பொம்பளக் கொரலு. அப்புறம் கடைசியில, தீக்குச்சி உரசறதுக்குச் சித்த முன்னாடி, அதே கொரலு. விடுங்கய்யா, ஏமாத்திட்டான்னுதான் சொன்னேன், அவன் எதையும் திருடலய்யான்னு. அழுதுகிட்டே கத்துது. அங்க ஒருத்தர் காதுலயும் விழல. நான்தான் கேட்டேன். சோறு பொங்குறப்ப, பஸ்ஸுல, படுக்கையில, போனக் காதுல வெச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

நகை விக்கவா இந்த மேடெல்லாம் ஏறுறேன்? கதவத் தட்டுனா வீட்டுக்காரி பேசுவா இல்ல, அதுக்கு ஏறுறேன். போன வாரம் கதவத் தொறந்து, யாரு வேணும்னு கேட்ட பாரு இலாரியா. அந்தக் கொரலுதான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. தட்டத் தாங்க முடியாம வாசப்படியில வெச்சுட்டேன். பாவம், மயக்கமான்னு கேட்ட.

உக்காரு. கதவுகிட்டப் போகாத. வெளிய என் கொழுந்தன் செவெரோ நிக்கிறான், பொன்சியானோ தம்பி. அவன்கூட அவன் ஆளுங்க. பெட்ரோல் கேன் கொண்டாந்திருக்காங்க. அவ விடுங்கன்னும் கத்தியிருக்காடா, நான் முதல்ல போறேன்டான்னு அவன் காலப் புடிச்சுட்டு வந்திருக்கேன். உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. எனக்கு அது வரல, வராது. எனக்கு அந்த நீல ஜாக்கெட்டுக்காரன் பேரு வேணும். பெட்ரோல் ஊத்துனவன் பேரு, பிள்ள கையில கல்லக் குடுத்தாளே அவ பேரு. அரசாங்க வக்கீல்கிட்ட உன் வாயால சொல்லணும். ஆபீசு சாயங்காலம் வரைக்கும் தொறந்திருக்கும்.

உன் கையப் புடிச்சுக்கிட்டு நான் வெளிய வந்தா அவங்க வழி விட்டுருவாங்க. நான் தனியா வந்தா, உள்ள வருவாங்க. அப்பிடித்தான் பேசி வெச்சிருக்கோம்.

அழுவுறத அப்புறம் அழுவலாம். சால்வையப் போத்திக்கோ. தொப்பிய எடு. ஆபீசுக்குப் போறோம், நல்லா உடுத்திக்கிட்டே போவோம். கையக் குடு.