காலியில்லாத வாசல்

— ஏற்கனவே இருக்காம்ப்பா. எத்தனை தடவை போட்டாலும் கம்ப்யூட்டர் அதையேதான் சொல்லுது.

— இருந்தா விட்டுடேன். இருக்கிறதை எதுக்குத் திரும்பத் திரும்பப் போடறே?

— இன்னைக்கு முன்னாடி நான் போட்டதே இல்லையே. இந்தக் கன்டெய்னர் சாப்ட்வேர் நம்ம வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள எப்படி வந்துச்சு?

— வாங்கும்போதே இருந்திருக்கும்.

— அப்படியெல்லாம் வராதுப்பா. நாமளாத்தான் இறக்கணும். விவரங்களை அடுக்கி வைக்கிற டேட்டாபேஸைத் தனி டப்பாவுல அடைச்சு ஓட்டுறதுக்கு இது. நியூஸ் படிக்கிற உங்களுக்கு எதுக்கு?

— குரலைத் தாழ்த்திப் பேசு. ஆபீஸ் நேரத்துல நீ வீட்டுல இருக்கேன்னு பக்கத்து வீட்டுக்குத் தெரியணுமா?

— தெரிஞ்சாத்தான் என்ன? வேலை போய் நாலஞ்சு மாசமாச்சு. தினம் சட்டையைத் தேச்சுப் போட்டு, வெறும் பையைத் தூக்கிக்கிட்டுப் போய் லைப்ரரில உக்காந்துட்டு வரேன். எல்லாம் உங்களுக்காக.

— எனக்காக இல்லை, குடும்பத்துக்காக. இந்த வீட்டு ஆம்பளை பகல்ல சும்மா இருந்தான்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்லை. உன் காலத்துல சொல்ல வேண்டாம்.

— சரிப்பா, இன்னைக்கு ஒரு நாள் விடுங்க. ஒரு கம்பெனியில சாயங்காலத்துக்குள்ள ஒரு டேட்டாபேஸ் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்காங்க. காட்டினா வேலை. ஐயோ, இப்ப போர்ட் காலியில்லைங்குது.

— அப்படின்னா?

— நம்பர் போட்ட வாசல் மாதிரி. என் டேட்டாபேஸ் உக்கார வேண்டிய வாசல்ல வேற ஏதோ ஒண்ணு உக்காந்திருக்கு.

— வேற வாசலே கிடையாதா?

— ஆயிரக்கணக்குல இருக்கு. அதுக்காகத் திருட்டுத்தனமா உக்காந்திருக்கிறதை விட்டுவைக்கச் சொல்றீங்களா? இதோ, வெச்சு ரெண்டு மூணு மாசம் ஆகுதுன்னு காட்டுது. எவனோ உள்ளே பூந்திருக்கான். அழிச்சிடறேன்.

— அழிக்காதே.

— உள்ளே இருக்கிறதும் சேர்ந்து போயிடும், தொல்லை விட்டுது.

— மவுஸ்லேருந்து கையை எடுடா.

— காலையிலேருந்து குறுக்கே குறுக்கே வர்றீங்க. இது யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?

— உன் பொண்டாட்டியோடது.

— அவளோடதா? பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு வரட்டும், கேக்கறேன்.

— கேக்காதே. அவ வேலை பாக்குறா. நீ பையோட தெரு முனை திரும்பினதும் இந்த ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்குவா. ஏதோ ஆஸ்பத்திரியில நோயாளிங்க விவரத்தையெல்லாம் அடுக்கி வைக்கிறாளாம். கன்டெய்னர், கன்டெய்னர்னு போன்ல பேசறது கதவு வழியா காதுல விழும். முதல்ல ஏதோ கப்பல் உத்தியோகம்னு நினைச்சேன்.

— இவ்வளவு நாளா நீங்க சும்மா இருந்தீங்களா?

— எங்கே சும்மா இருந்தேன்? யாராவது வந்தா, மருமகளுக்குத் தலைவலி, படுத்திருக்கான்னு சொல்லி வாசலோட திருப்பி அனுப்புறேன். உன் அத்தை அவளை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி என் உயிரை வாங்குறா.

— மருமக சம்பாதிச்சா குடும்ப மானம் போயிடும்னு கல்யாணத்தன்னைக்கே சபையில சொன்னது யாருப்பா?

— நான்தான். இப்பவும் அதைத்தான் சொல்றேன். சொன்ன சொல்லை மாத்துற பழக்கம் எனக்குக் கிடையாது.

— அப்போ அவ பாக்குற வேலை?

— கேட் சத்தம் கேக்குது, வந்துட்டா. நீ வேற வாசல் போட்டுக்கோ, ஒண்ணும் பாக்காத மாதிரி இரு. எனக்கு இது தெரியாதுன்னுதான் அவ நினைச்சுக்கிட்டிருக்கா.