பிரதம விருந்தினர் சாப்பிட்ட முகக்கிறீம்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கொழும்பில் தன் வாழைப்பழ முகக்கிறீமை அறிமுகம் செய்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தவள், பக்கத்தில் இருந்த மச்சாளிடம் சொன்னாள்:

“பிரதம விருந்தினர் அதைச் சாப்பிட்டிட்டா, மச்சாள்.”

“கிறீமையோ?”

“ஓம். பெரிய ஹோட்டல், கமராக்காரர் எல்லாம் நிக்கினம். பூசிக் காட்டுங்கோ எண்டு கண்ணாடிக் கிண்ணத்திலை, சின்னக் கரண்டியும் வைச்சுக் குடுத்தன். நான் மைக்கிலை கதைக்கத் திரும்பினதுதான், அவ அள்ளி வாயிலை போட்டிட்டா.”

“ஐயோ, பிறகு?”

“மூண்டு வருசமாப் பட்ட பாடெல்லாம் போச்சு எண்டு நினைச்சன். சனம் சிரிக்குது. மைக்கை இறுக்கிப் பிடிச்சு, ‘எங்கடை நீர்வேலி வாழைப்பழமும் தேனும்தான், விழுங்கினாலும் ஒண்டும் செய்யாது’ எண்டன். கொண்டுபோன போத்தல் முழுக்க அங்கையே வித்துப் போச்சு!”

“அவவின்ரை குடல் இப்ப பளபளவெண்டு இருக்கும். கோவிக்கேல்லையோ?”

“எங்கை கோவிச்சவ? போகேக்கை என்ரை காதுக்குள்ளை சொல்லிப்போட்டுப் போறா, அடுத்தமுறை கொஞ்சம் சீனி போடட்டாம்.”