கிழவன் பார்க்கும் படலம்

— நிமிந்து உக்காருங்க வெங்கடப்பன் தாத்தா. ஜூஜுவாடிப் பொண்ணு வீட்டுக்காரங்க சூளகிரி தாண்டிட்டாங்களாம்.

— பேரன் ராஜ்குமாரு கம்பெனிக்குப் போயிட்டானே ராஜலட்சுமி. யாரப் பாக்க வர்றாங்க?

— உங்களத்தான். பையன அப்பவே புடிச்சுப்போச்சு. வீட்ல தொண்ணூத்திமூணு வயசுல ஒருத்தர் இருக்காரே, கல்யாணம் வரைக்கும் தாங்குவாரான்னு சந்தேகம். நடுவுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா மண்டபம், பத்திரிகை எல்லாம் போச்சுல்ல?

— பொண்ணு பாத்து முடிஞ்சு இப்பக் கெழவன் பாக்கறதா!

— சிரிக்காதீங்க, இருமல் வரும். அட, மீசைக்கு மை போட்டுட்டாங்களே! நல்லாத்தான் இருக்குது.

— குந்தாரப்பள்ளிச் சந்தையில நாப்பது வருசம் மாடு வித்தவன் நான். கெழட்டு எருதுக்கும் கொம்பு சீவி எண்ணெ தடவித்தான் நிறுத்துவோம். வாங்கறவன் பல்லப் புடிச்சுப் பாப்பான். எனக்கு அதுவும் இல்ல.

— ஒடம்பு எப்படின்னு கேட்டா?

— கல்லாட்டம் இருக்கேன்.

— அப்படிப் போடுங்க! எங்க மாமனாரு எழுபதுலயே முடியல முடியலன்னு உசுர வாங்குனாரு.

— சின்னப் பையன். வலிய எண்ணிக்கிட்டே கெடந்தான். நான் எண்றதில்ல. தேதி எப்ப?

— தை இருபது. ரெண்டு மாசம்.

— அவ்வளவு தூரம் போகாது.

— என்ன பேச்சு இது! டாக்டரு எல்லாம் நார்மல்னாரே?

— அவருக்கு மிஷினு சொல்லுது. எனக்குக் காலு சொல்லுது. நாலு நாளா முட்டி வரைக்கும் சில்லுனு கெடக்குது. சோறு மண்ணாட்டம் இருக்குது.

— மூச்சு விடாதீங்க தாத்தா! வரன் கொண்டாந்தவ நான். இந்தத் தெருவுல தலகாட்ட முடியாது.

— என் கல்யாணத்துக்கு நாலு நாளு இருக்கறப்ப எங்க தாத்தன் செத்தான். ஆயுசு முடிஞ்சு போனான். பழி எம்பொண்டாட்டி ராஜாத்தி தலையில. எழவோட வந்தவளுன்னே பேரு. சாகற வரைக்கும் ஒருத்தரும் அவ கையில ஆரத்தித் தட்டு குடுக்கல. நானும் வாயத் தொறக்கல.

— கெட்டுது, கார் வந்துருச்சு... வாங்கண்ணா, வாங்க! இவருதான் பொண்ணோட அப்பா, கமலக்கண்ணன் அண்ணன். பாருங்கண்ணா எங்க தாத்தாவ. இரும்பு!

— வணக்கங்க பெரியவரே. ஒடம்பு எப்படிங்க இருக்குது?

— ரொம்ப நல்லா இருக்கேன்ப்பா, ஒரு கொறையும் இல்ல. உம்பொண்ணு நல்லா வாழுவா. தேதிய மட்டும் என் கருமாதி முடிஞ்சதும் வந்து குறிச்சுக்க.