ஜூம் இல்லாத லென்ஸ்

கேமராவில் காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் லென்ஸில்தான் பிடிக்க வேண்டும், ஐயா. படிப்பில்லாத எனக்கே அது ஒரே மத்தியானத்தில் புரிந்துவிட்டது.

என் மாப்பிள்ளை ரமேஷ்குமார் ராசிபுரத்துக்காரர். சிநேகிதனிடமிருந்து லென்ஸ் இல்லாத மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கி வந்தார். உள்ளே கண்ணாடி கிடையாதாம். எவனோ கழற்றிக்கொண்டு ஏமாற்றிவிட்டான் என்றேன். என் மகள் கோகிலா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

கேமரா எதற்கென்றால், மலைமேல் திருப்புலி நாடு என்ற பகுதியில், மலை விளிம்பில் இருக்கும் எங்கள் மிளகுத் தோட்டத்தைப் படம் பிடித்து, ரிசார்ட் கட்டுகிறவனுக்கு அனுப்ப. தோட்டம் நான் கோகிலாவுக்குச் சீராக எழுதிக் கொடுத்தது. விற்காதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. லென்ஸ் நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்ல உரிமை இருந்தது.

நாமக்கல் கடையில் பானுமதி என்ற பெண் இரண்டு லென்ஸை எடுத்து வைத்தாள். ஒன்று யாரோ பயன்படுத்திய ஜூம். இன்னொன்று புதிய ஐம்பது எம்.எம். விலையில் புதியதுதான் கொஞ்சம் மலிவு.

"ஜூம்னா நின்ன எடத்துலயே எல்லாம் எடுக்கலாங்க தாத்தா. இந்தப் புதுசுல முகம் அருமையா வரும், ஆனா ஜூம் ஆகாது. பெரிய எடம்னா நாமதான் பின்னாடி பின்னாடி போகோணும்."

"எவ்வளவு தூரம் கண்ணு?"

"படத்துக்குள்ள எல்லாம் அடங்கற வரைக்குங்க."

எனக்கு அந்த லென்ஸ் பிடித்துப்போயிற்று.

"தோட்டத்துக்கு ஜூம்தானுங்க மாமா வசதி," என்றார் கூட வந்திருந்த மாப்பிள்ளை.

"நல்லா இருந்தா மொதல்ல வெச்சிருந்தவன் எதுக்குங்க மாப்பிள்ளை வித்தான்?"

நான் யாரையும் நம்பாதவன் என்று ஊருக்கே தெரியும். அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் நல்ல வெயில். மிளகு சரம் சரமாகத் தொங்கியது. மாப்பிள்ளை கேமராவில் கண்ணை வைத்தபடியே பின்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் பாறை. பாறைக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

"கேணி வந்துருச்சுங்களா மாப்பிள்ளை?"

"வந்துருச்சுங்க மாமா."

"பலா மரம்?"

"பாதிதானுங்க."

"முழுசா வரட்டுங்க. அதுக்கே தனி வெலை கேக்கலாம்."

நான் அவரைத் தொடவில்லை. பலா மரம் முழுதாகத்தான் வந்திருக்கிறது. கேமராவிலிருந்து எடுத்து நீங்கள் காட்டிய படத்தில் பார்த்தேன்.

விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நேற்று அந்த ரிசார்ட்காரனே நேரில் வந்தான். கையில் ஜூம். நின்ற இடத்திலிருந்தே மொத்தத் தோட்டத்தையும் எடுத்துவிட்டான். அந்தப் பாறையில் கம்பி போட்டு வியூ பாயிண்ட் வைப்பானாம். கோகிலாவும் தலையாட்டிவிட்டாள்.

"அந்தப் பாறையப் பாத்துக்கிட்டு இங்க இருக்க முடியலீங்கப்பா," என்கிறாள்.

அதனால்தான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து உங்களிடம் வந்தேன். விபத்து என்பதை அடித்துவிட்டு, கொலை, செய்தவன் மாமனார் செங்கோடன் என்று எழுதுங்கள். கொலை நடந்த இடத்தில் எவன் ரூம் போட்டுத் தங்குவான்? இனி அந்தத் தோட்டத்தை ஒருவனும் வாங்க மாட்டான்.

எல்லாம் கோகிலாவுக்காகத்தான், ஐயா. புருஷன் போய்விட்டான், அப்பனும் ஜெயிலுக்குப் போகிறேன். பாவம், அந்தத் தோட்டத்தை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?