நான் ஒட்டிய நோட்டீஸ்

துவாரகாவின் இந்தச் சிறு மண்டபத்தைத் தமிழால் நிறைத்து நடுவே வீற்றிருக்கும் தலைவர் ஜகந்நாதன் ஐயா அவர்களே! விமான நிலையத்தில் வேலை முடித்துக் களைப்போடு வந்தாலும் கடுகடுக்காமல், எழுபத்து நான்கு வயதுக்காரனின் கைபிடித்து 'அ' எழுத வைத்த ஆசிரியை சுபாஷிணி அம்மா அவர்களே! என்னிலும் மூத்த பெரியோர்களே! தாய்மார்களே! அவர்களில் ஒருத்தியாக முன்வரிசையில் முகம் திருப்பி அமர்ந்திருக்கும் என் மனைவி வள்ளியே! அனைவருக்கும் ஜோதிலிங்கத்தின் வணக்கம்.

"தாத்தா, மைக்கைக் கிட்ட வெச்சுக்கோங்க" என்கிறார் தம்பி அர்விந்த். அச்சா, அச்சா, வைத்துக்கொண்டேன். இந்தத் தாள்களைப் பார்த்தீர்களா? நானே எழுதியவை! ஒரு பக்கத்துக்கு நான்கு நாள். எழுத்துக் கூட்டிக் கூட்டி, குதூகலமாக எழுதினேன். எழுதிய கதைதான் குதூகலமானதல்ல.

லக்ஷ்மிபாய் நகரில் முப்பது ஆண்டு உங்கள் சட்டைகளைத் தேய்த்தவன் நான். ஏன் டெல்லிக்கு வந்தாய் என்று கேட்டவர்களிடம், பிழைக்க வந்தேன் என்றேன். பொய். நான் துரத்தப்பட்டு வந்தேன். துரத்தியது எது? ஒரு தாள். அதை ஒட்டியது யார்? சொல்கிறேன்.

தெற்கே எங்கள் பக்கம் முதன்முதலாக நிலக்கரி ரயில் வரப்போகிறது என்றார்கள். துறைமுகத்தில் இறங்கும் கரி மின்நிலையம் போய்ச்சேர ஒரு பாதை. அந்தப் பாதை பண்ணையார் ராஜசேகரனின் வாழைத்தோட்டத்தை இரண்டாகப் பிளப்பதாக இருந்தது. பண்ணையார் பொங்கினார். "ஏலே, கரிவண்டி எந்தோட்டத்துக்குள்ள போனா குலை பூரா கறுத்துப்போவும். விட்ருவமால?" விடமாட்டோம் என்றோம். அளக்க வந்தவர்களின் சங்கிலியைப் பிடித்து இழுத்தோம். நட்ட கற்களைப் பிடுங்கினோம். நான் மட்டும் பதினொரு கல். காவலர் அடித்த அடியில் என் இடது காது இன்றும் மந்தம். அந்தப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் பலமாகக் கைதட்டுங்கள்!

நிலம் யாருடையது? பண்ணையாருடையது. காது யாருடையது? என்னுடையது.

ஒரு நாள் அவர் என்னை அழைத்தார். கையில் ஒரு தாள். "செயிச்சிட்டோம்ல! வண்டி நம்ம தோட்டத்துக்கு வரல. இத உங்க தெருச் சாவடிச் சுவத்துல நீயே ஒட்டு." நீயே! நெஞ்சு நிமிர்ந்தது. பசை காய்ச்சி ஒட்டினேன். எங்கள் தெருவில் நாற்பது வீடு. எழுத்தறிந்தவர் ஒருவர்கூட இல்லை. வெற்றித் தாள் என்று மஞ்சள் தடவினோம், குங்குமம் வைத்தோம், சூடம் காட்டினோம்.

வள்ளி மட்டும், "ஏங்க, பக்கத்தூரு வாத்தியாரக் கூட்டியாந்து என்ன எழுதிருக்குன்னு கேட்டா என்ன?" என்றாள்.

"ஏட்டி, பண்ணையார் பொய் சொல்லுவாரா? உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?"

முப்பது நாளும் கேட்டாள். முப்பது நாளும் அதட்டினேன்.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். பாதை எங்கள் தெரு வழியாம். "நோட்டீஸ் ஒட்டியாச்சே, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார்கள். சட்டம் ஒட்டச் சொன்னது. ஒட்டியாயிற்று. அதுவும் தலைகீழாக ஒட்டியிருந்தேன். அவர்கள் சிரித்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

நாற்பது வீடும் இடிந்தன. தெருக்கோடியில் எங்கள் மூத்த மகளைப் புதைத்த இடத்தில் சல்லி கொட்டித் தண்டவாளம் போட்டார்கள்.

சாவடி இடியுமுன் வள்ளி அந்தத் தாளை நனைத்து உரித்தெடுத்தாள். தகரப்பெட்டியில் வைத்தாள். டெல்லியில் எத்தனை படித்தவர்களின் சட்டையைத் தேய்த்தேன்! ஒருவரிடமும் அதைக் காட்டவில்லை. வெட்கம்.

போன மாதம் நானே படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. 'கதவு எண் ஏழு, வள்ளி.' ஐயா, அவள் பெயர் அதில் இருந்தது! அவள் அப்பா கொடுத்த வீடு அது. 'ஆட்சேபணை இருப்பின் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' அவளுக்குப் படித்துக் காட்டினேன். "ம்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

பண்ணையாரும் எதிர்த்தார், நாங்களும் எதிர்த்தோம். அவர் எதிர்ப்பு வக்கீல் எழுதிய தாளில் இருந்தது. எங்கள் எதிர்ப்பு அடிபட்ட உடம்பில் இருந்தது. உடம்பை யார் படிப்பார்? தாளைத்தான் படித்தார்கள்!

அதனால் சபையோரே, நாற்பத்தாறு ஆண்டு தாமதமாக நானும் ஒரு தாள் எழுதியிருக்கிறேன். கேளுங்கள். 'கதவு எண் ஏழு. இவ்வழியே ரயில் பாதை போட ஆட்சேபணை உண்டு.' அவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போடவில்லை. வீடு என்னுடையதல்ல, நான் போட்டால் செல்லாது.

வள்ளி ஏதோ சொல்கிறாள். இருங்கள், நல்ல காதைத் திருப்புகிறேன்.

"பேனாவக் கொண்டாங்க. 'வ' எப்படிப் போடணும்னு காட்டுங்க. ஒட்டும்போது இந்தத் தடவயாவது நேரா ஒட்டுங்க."

தலைவர் ஐயா, நேரம் தந்ததற்கு நன்றி. சபையோரே, காது தந்ததற்கு நன்றி. வணக்கம். கொஞ்சம் வழிவிடுங்கள், நான் கீழே இறங்குகிறேன்.