விமானம் வராத நாளிலும் கேட்ட குரல்

ரப்பர்க் காடும் செம்மண் மேடும் சூழ்ந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில், தம்பின் பட்டணத்துக்கு அடுத்த வெள்ளியாற்றுத் தோட்டத்தில், இருபத்தெட்டு ஆண்டுகள் நோய் நாடி, நோவு தணித்து, நொந்தவர் நெஞ்சம் தேற்றி, இன்றோடு பணி ஓய்வு பெறும் எங்கள் தோட்ட மருந்தகத்து டிரஸர் ஐயா, திருவாளர் க. சிவசுப்பிரமணியம் அவர்களுக்கு விடைகொடுக்க வந்து கூடியிருக்கும் பெருமக்களே! தாய்மார்களே! வணக்கம்!

காய்ச்சலுக்குக் கொயினாவும், காயத்துக்குக் கட்டும், கலங்கி நின்றவர்க்குக் கனிவும் தந்த கருணைக் கடலே! மருந்தோடு மனிதம் கலந்த மாண்பாளரே! பாம்புக் கடியென்றாலும் பிரசவ வலியென்றாலும் பழைய சைக்கிளில் பறந்து வந்த பண்பாளரே!

என்றெல்லாம் நான்கு பக்கம் எழுதித்தான் வைத்திருந்தோம். எழுதியவர் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் எங்கள் பெரிய கிராணி ராமகிருஷ்ணன். மோனை கிடைத்துவிட்டால் அவரைப் பிடித்து நிறுத்த இந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. போன வாரம் அதை ஐயாவிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னோம். ஐயா கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கருணைக் கடலெண்டு போட்டிருக்கிறியள். நல்லது. இதில சன்னாசி எங்கை?"

கிராணி நான்கு பக்கத்தையும் வாங்கி மறுபடி புரட்டினார்.

"அவனை விட்டிட்டு என்ரை இருபத்தெட்டு வருசத்தை எப்பிடி எழுதுவியள்? நான் விட்ட பிழையையும் போடுங்கோ. போட்டு, மயிலம்மாளுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அவ கைநாட்டு வைச்சால்தான் இந்த மடலை நான் வாங்குவன்."

விழா வைத்துப் பாராட்டப் போனவர்களுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்! மயிலம்மாள், சன்னாசியின் மனைவி. ஐந்து வருடமாக ஐயாவின் மருந்தகத்திலேயே ஆயாவாக வேலை செய்கிறவர். இத்தனை காலத்தில் அந்தப் பேச்சை அவரும் எடுத்ததில்லை, ஐயாவும் எடுத்ததில்லை. சன்னாசியிடம் முதலில் போய், சபையில் சொல்லலாமா என்று கேட்டோம். "வாசிங்க லா. எனக்கென்ன வெக்கம்? நோயிதானே" என்றார். ஆகவே வாசிக்கிறோம்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலம் தோட்டத்துக்குள் புகுந்து நம்மை என்ன பாடு படுத்தியது என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பத்திரண்டாம் ஆண்டுக் கடைசியில் மூன்றாம் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்து, முள்கம்பி வேலிக்குள் புது லயம் கட்டிக் குடியேற்றினார்கள். சன்னாசிக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அண்ணன் அர்ச்சுனனும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் முதல் டிவிஷனில் தங்கிவிட, சன்னாசியும் மயிலம்மாளும் கைக்குழந்தையும் மட்டும் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் போய் விழுந்தார்கள். காலை ஆறு மணிக்குக் கேட் திறக்கும்போது தூக்குச் சட்டியில் காட்டுக்காரர்களுக்குச் சோறு ஒளித்திருக்கிறதா என்று காவலர்கள் கிளறிப் பார்ப்பார்கள். அண்ணன் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்வரவும் பாஸ் வேண்டும்.

அடுத்த ஆண்டு சித்திரையில் மயிலம்மாள் கணவரை மருந்தகத்துக்கு அழைத்து வந்தார்.

"ஐயா, இவரப் பேரு சொல்லிக் கூப்புடுறாங்களாம். மேல இருந்து. ஒரே பயமா இருக்குங்கய்யா."

ஐயா சிரித்துவிட்டார். சிரிக்காமல் என்ன செய்வார்? அந்த மாதங்களில் காட்டிலிருந்தவர்களைச் சரணடையச் சொல்லி ஒரு விமானம் ஒலிபெருக்கியோடு நம் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கொண்டிருந்தது. சீனத்தில் பேசும், மலாயில் பேசும், தமிழிலும் பேசும். ஆட்களின் பெயரைச் சொல்லியே கூப்பிடும்.

"உனக்கு மட்டுமே கேட்டது? எனக்கும்தானே கேட்டது. காட்டுக்குள்ளையும் ஒரு சன்னாசி இருப்பான். நீ போய்ப் பால் மரத்தைப் பார்" என்று முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினார். நோயாளர் பதிவேட்டில் 'விமானச் சத்தம். நோயில்லை' என்று எழுதினார்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தார்கள். யாரோ தன்னை எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பதாகச் சன்னாசி சொன்னார். பார்க்கத்தான் செய்தார்கள்; வேலி மூலைக்கு மூலை காவல் பரண் இருந்தது. தன் சோற்றைத் தொட்டுவிட்டார்கள், அதனால் சாப்பிட மாட்டேன் என்றார். தொடத்தான் செய்தார்கள். "எல்லாற்றை சோத்தையும்தான் கிளறுறாங்கள், உன்ரை சோத்தில என்ன விசேசம்?" என்று ஐயா கேட்டார். மயிலம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். ஐயா ஒரு சத்து மருந்துப் புட்டியை நீட்டி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த ஆவணியில் ஒரு காலை, கேட் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கையில், "இதோ வரேன், இதோ வரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே சன்னாசி வேலி ஏறினார். ஊரடங்கு நேரம். சுடாமல் பிடித்தார்களே, அதற்குக் கும்பிட வேண்டும். யார் கூப்பிட்டது என்று கேட்டார்கள். அவர் வானத்தைக் காட்டினார். காட்டுக்காரர்களோடு தொடர்பு என்று எட்டு மாதம் தடுப்புக் காவலில் வைத்தார்கள். அங்கே முற்றிப்போய், சாப்பாட்டை அறவே விட்ட பிறகுதான் வடக்கே மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நோய்க்குப் பெயர் தெரிந்தது அங்கேதான்: மனச்சிதைவு.

அங்கிருந்த டாக்டர் ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். குரல் கேட்க ஆரம்பித்தது எப்போது என்று விசாரித்து எழுதும்படி கேட்டிருந்தார். ஐயா கடிதத்தோடு புது லயத்துக்குப் போனார்.

"மயிலம்மா, பிளேன் வராத நாளிலையும் அவனுக்குக் கேட்டதோ?"

"பிளேனு வர்றதுக்கு முந்தியே கேட்டுச்சுங்கய்யா. இங்க குடிவந்த மாசமே கேட்டுச்சு. மழையில பிளேனு வராதப்பதான் ரொம்பக் கேட்டுச்சு."

"ஏனம்மா அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலியே ஐயா."

ஐயா படியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுத் தாயம்மா சொல்வார். பதிவேட்டில் தாம் எழுதிய வரியை அவர் அடிக்கவில்லை. அதன் கீழே சிவப்பு மையில் 'என் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

அதன் பிறகு அவர் கேட்காத கேள்வி கிடையாது. அர்ச்சுனனும் சன்னாசியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவருக்கு வந்தது, மற்றவருக்கு ஏன் வரவில்லை? பேய் என்றவர்களையும், வம்சத்தில் ஓடுகிற சாபம் என்றவர்களையும் ஐயா கோபித்துக்கொண்டார். ரத்தத்தில் ஒரு பங்கு இருக்கலாம், இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் மனுசன் வாழ்கிற இடத்துக்கும் பங்கு இருக்கிறது என்றார். சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் சைக்கிளை மிதித்து, இதே நோய் கண்ட பதினொரு பேரின் கதையைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். ஜப்பான்காரன் காலத்தில் தகப்பனைச் சயாம் ரயில் பாதைக்குப் பறிகொடுத்து அநாதையாக வளர்ந்தவர் அதில் இருந்தார். தாய் வயிற்றில் இருந்த காலத்திலேயே பட்டினி கண்டவர் இருந்தார். சொந்தத்தை விட்டுப் பிரித்துக் கொண்டுபோய் வைக்கப்பட்டவர்களே அதிகம். பேச்சுத் துணை இல்லாதவர், ஊரே கேலி செய்து ஒதுக்கியவர், பயத்தை மறக்கக் கஞ்சா பிடித்து இன்னும் கெட்டவர் என்று பட்டியல் நீண்டது. இதில் எந்த ஒன்றும் தனியாக ஆளைச் சாய்த்துவிடாது, இதே துன்பமெல்லாம் பட்டும் திடமாக இருப்பவர்கள்தான் நம்மில் அநேகம் பேர் என்பதையும் அவரே சொல்வார். பல பாரம் ஒரே தோளில் ஏறினால், இளகிய தோள் முதலில் இறங்கும் என்பார்.

அந்த நோட்டுப் புத்தகத்தோடு துரை பங்களாவுக்கு அவர் நடந்த நடை கொஞ்சநஞ்சமல்ல! மருந்தைக் கொடுக்கிற வேலையைப் பாரும் என்று துரை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை, அர்ச்சுனன் குடும்பத்தைச் சன்னாசி வீட்டுக்குப் பக்கத்து வாசலில் குடிவைக்க உத்தரவு வாங்கிக்கொண்டுதான் ஐயா இறங்கினார். ஐம்பத்தாறில் சன்னாசி புது மாத்திரைகளோடு திரும்பி வந்தார். இப்போது காலையில் அண்ணன் வீட்டுத் தேத்தண்ணி, மாலையில் அவரோடு பேச்சு, பகலில் புல்வெட்டு வேலை என்று இருக்கிறார். ஆனாலும் பால் வெட்டுக் கத்தியைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்குகிறது. சில நாட்களில் வானத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறார். கைக்குழந்தையாக விட்டுப்போன மகள், அப்பா என்று கூப்பிட ஒரு வருடம் பிடித்தது. முதல் நாளே கேட்டிருந்தால் இதில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்? ஐயாவுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. தெரியாமலேயே போய்விட்டது என்பதுதான் எங்கள் எல்லாருடைய வருத்தமும்.

இத்தனையும் எழுதி, முந்தாநாள் மயிலம்மாளுக்கு வாசித்துக் காட்டினோம். மடலின் முடிவில், 'மனப்பாரம் யாவும் நீங்கப்பெற்று நீடூழி வாழ்க' என்று கிராணி அழகாக முடித்திருந்தார். மயிலம்மாள் பெருவிரலில் மையைத் தொட்டார். தொட்ட விரலைக் காகிதத்தில் வைக்கவில்லை.

"அந்த ஒரு வரிய அடிச்சிருங்க, கிராணியாரே. அவரு நூறு வயசு நல்லா இருக்கட்டும். எம் புருசனுக்காக அவரு நடந்த நடைய யாரு நடப்பா? ஆனா பாரம் எறங்கட்டும்னு மட்டும் எழுதாதீங்க. எனக்கு எறங்கலியே. அவரும் சொமக்குறாருன்னுதான் நான் இத்தன வருசம் அங்க கூட்டிப் பெருக்குறேன்."

கிராணி அந்த வரியை அடித்தார். மயிலம்மாள் விரலை வைத்தார்.

ஆகவே, ஐயா, இதை நீங்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். இனிக் குடிபோகும் ரஹாங் வீட்டில், துணைவியார் பூரணம் அம்மையாரோடும் பிள்ளைகளோடும், உடலில் குறையில்லாமல், உண்ணும் உணவு ருசிக்க, நீங்கள் பல்லாண்டு வாழ வேண்டும். அந்தப் பாரத்தோடேயே வாழ வேண்டும், ஐயா.

இங்ஙனம்,
வெள்ளியாற்றுத் தோட்டத்து அலுவலர்களும் தொழிலாளர்களும்,
மயிலம்மாள் (பெருவிரல் ரேகை)
தம்பின், 1959