நனையாத மெத்தை

மெத்தையைக் காயப்போடக் காலை வெயில்தான் நல்லது. உச்சிவெயிலில் போட்டால் மேல்பக்கம் சுடும், உள்ளே ஈரம் அப்படியே கிடக்கும், நாளாக ஆக ஸ்பாஞ்சும் பொடிந்து உதிரும். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. சார், நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருங்கள். கட்டில் ஓரத்தில் வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நல்ல மெத்தையெல்லாம் சரிந்து போகிறது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் மெத்தையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் ஒரு லாட்ஜில் ரூம் சூப்பர்வைசராக இருந்தவன். வேலைக்காரர்கள் பெருக்கி, துடைத்து, விரிப்பு மாற்றிவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள். நான் உள்ளே போய் வேறு எதையும் பார்க்க மாட்டேன். விரிப்புக்கு அடியில் கையை விட்டு மெத்தையை அழுத்துவேன். பிறகு அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோவேன். ஈரமோ வாடையோ இருந்தால் அறையைப் பூட்டிவிடச் சொல்வேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு மெத்தை டாக்டர் என்று பெயர். என் காதிலும் விழும். உள்ளூரப் பெருமைதான்.

இந்த மெத்தை நான் ஓய்வு பெற்றபோது வாங்கியது. கடையில் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தே பார்த்துவிட்டாள். நான் மூலையைத் தட்டுவதும் தையலை இழுத்துப் பார்ப்பதுமாக இருந்தேன். கடைக்காரருக்குக் கேட்கும்படி அவள் சொன்னாள்: "நீங்க என்னைக் கட்டினதுக்குப் பேசாம ஒரு மெத்தையக் கட்டியிருக்கலாம்." கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவளுக்கு வாய் அதிகம். வீட்டில் அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சு இருந்ததால் அது பெரிதாகத் தெரிந்ததில்லை.

முதலில் போனது அந்த வாய்தான். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன. இடது கையும் கண்களும் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தண்ணீர் வேண்டுமென்றால் இடது கை மோதிரத்தால் கட்டில் சட்டத்தில் தட்டுவாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதில் டம்ளர் வைத்திருந்தேன். போகப் போக அவளே எட்டி எடுத்து, பாதியைச் சிந்திப் பாதியைக் குடிக்கப் பழகிக்கொண்டாள். டம்ளரைத் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும்.

படுக்கையிலேயே ஒன்றுக்குப் போவாள். அதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. மெத்தையில் ஈரம் பட்டால் தேய்க்கக் கூடாது சார், தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும். காய்ந்த துணியை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். வினிகர் கலந்த தண்ணீரைத் தெளித்து மறுபடி ஒற்ற வேண்டும். மேலே சமையல் சோடாவைத் தூவி, அது ஈரத்தையும் வாடையையும் இழுக்கும்வரை பொறுத்திருந்து தட்டிவிட வேண்டும். கடைசியில் மாடி வெயில். மெத்தை மாடிக்குப் போகும்போது அவளை நாற்காலியில் உட்காரவைத்து, சரிந்து விழாமல் இருக்க வேட்டியால் கட்டிவைப்பேன். முதலில் கொஞ்ச நேரம்தான். பிறகு மெத்தை காயும்வரை. மழைக்காலத்தில் மெத்தை சீக்கிரம் காய்வதில்லை.

ரப்பர் விரிப்பு போட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போடலாம். ரப்பர் விரிப்பு போடுகிற லாட்ஜில் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. மெத்தைக்கு மூச்சு முட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மச்சினி வருவாள். என் மனைவியின் தங்கை. அக்காமேல் உயிர். வந்ததும் அக்காவின் நெற்றியில் முத்தம் கொடுப்பாள், உடனே விரிப்புக்கு அடியில் கையை விடுவாள். அழுத்துவாள், முகர்வாள். அது என்னுடைய சோதனை. என்னைக் கேலி செய்து செய்தே கற்றுக்கொண்டது. ஒரு ஞாயிறு கையை முகர்ந்தவள் சிரிக்கவில்லை.

"ஈரம் அப்படியே இருக்கு மாமா. வாடை வேற அடிக்குது."

"இப்பத்தான் ஒத்தி எடுத்தேன்மா."

"நான் குத்தம் சொல்லல. வயசான காலத்துல ஒத்த ஆளா எவ்வளவுதான் செய்வீங்க? முடியலன்னா சொல்லிடுங்க. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா அக்காவ நான் கூட்டிட்டுப் போயிடுறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அடுத்த தடவை ஈரம் இருக்காது என்று வாக்குக் கொடுத்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மனைவி போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாருக்காக எழுந்திருப்பேன்? யாருக்கு விளக்குப் போடுவேன்? நான் பயந்தேன் சார். இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, சலிப்பும் இல்லை. பயம்.

ஈரப் படுக்கை என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து பயம். பள்ளிக்கூடம் போகிற வயதிலும் நான் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அடிக்கவில்லை. நனைந்த பாயைத் தெருவில் விரித்துப்போட்டு, அது காயும்வரை பக்கத்தில் என்னை நிற்கவைத்தார். தெருவே பார்த்துக்கொண்டு போகும். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். விளக்கு வைத்த பிறகு எனக்குத் தண்ணீர் கிடையாது. அவ்வளவுதான், பாய் காய்ந்துவிட்டது. எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாகம் தாங்காதபோது கொல்லைப்பக்கம் போய் வாளியில் இருக்கும் தண்ணீரைக் கவிழ்ந்து குடித்துவிடுவேன். அப்பாவுக்கு அது கடைசிவரை தெரியாது.

எனக்குச் சரிப்பட்டது அவளுக்கும் சரிப்படும் என்று நினைத்தேன்.

விளக்கு வைத்ததும் டம்ளரை எடுத்து வைத்துவிடுவேன். அவள் தட்டுவாள். காலையில் தருகிறேன் என்று சொல்லித் தலையைத் தடவிக் கொடுப்பேன். சொன்னபடி காலையில் தருவேன். பலன் இருந்தது, ஆனால் போதவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு நிறுத்தினேன். பிறகு டம்ளருக்குப் பதில் கரண்டி. சாப்பாட்டையும் கெட்டியாகக் குழைத்துக் கொடுத்தேன். உதடு வெடித்தபோது நனைத்த துணியால் துடைத்துவிட்டேன். அவள் அந்தத் துணியைப் பல்லால் கவ்விக்கொண்டு விட மாட்டாள். சின்னப்பிள்ளை மாதிரிதான். மெதுவாகப் பேசி, வலிக்காமல் உருவி எடுப்பேன்.

அடுத்து வந்த ஞாயிறு மச்சினி கையை விட்டுப் பார்த்தாள். இன்னும் உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"என்ன மாயம் பண்ணினீங்க மாமா? புது மெத்தை மாதிரி இருக்கு!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினாள். அப்போது என் மனைவியின் இடது கை மெல்ல நகர்ந்து அந்தப் பைக்குள் போனது. உள்ளே இருந்த தண்ணீர் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

"பாருங்க மாமா, என் பையத் துழாவுறா. சின்ன வயசுலயும் இதே புத்திதான். பொட்டு வாங்கினா விடமாட்டா, வளையல் வாங்கினா விடமாட்டா. அக்கா, உள்ள ஒண்ணும் இல்லடி!"

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். என் மனைவி தங்கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் போய் ஒவ்வொரு விரலாக விடுவித்தேன். இவ்வளவு பலம் அந்தக் கையில் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. மச்சினி நேரமாகிவிட்டது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உங்களை மாதிரி ஒருத்தர் அக்காவுக்குக் கிடைத்தது அவள் செய்த புண்ணியம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். நான் மட்டும் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மெத்தையைத் தலைமாடு கால்மாடு மாற்றிப் போட வேண்டும் சார். எல்லா மெத்தைக்கும் அது உண்டு. ஒரே பக்கம் பாரம் விழுந்தால் பள்ளமாகிவிடும். அன்றைக்கு மாற்றிப் போட்டேன். அவளையும் மாற்றிப் படுக்கவைத்தேன். கட்டில் சுவரோடு ஒட்டியிருப்பதால் அவளுடைய இடது கை சுவர்ப்பக்கம் போய்விட்டது. ஸ்டூலும் அறையும் வருகிறவர்களும் அசையாத வலது கைப் பக்கம் வந்துவிட்டார்கள்.

மெத்தையை மாற்றினால் போதாதா, ஆளை ஏன் மாற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். நல்ல கேள்வி. எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

மச்சினியும் கேட்கத்தான் செய்தாள். "ஏன் மாமா, அக்காவ இப்படித் திருப்பிப் போட்டிருக்கீங்க?" பள்ளம் விழும் என்றேன். "ஆரம்பிச்சிட்டாருய்யா மெத்தை டாக்டர்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா ரொம்ப மெலிஞ்சுட்டாளே?" என்றாள். படுக்கையில் கிடந்தால் மெலியத்தானே செய்வார்கள் என்றேன். அவள் விரிப்புக்கு அடியில் கையை விட்டாள். நிம்மதியாகத் தலையாட்டினாள்.

அந்தச் சுவரில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வெள்ளை பெயர்ந்திருக்கிறதே, அது என்ன என்று உங்களோடு வந்தவர் கேட்டார். அது மோதிரம். அந்தப் பக்கம் கட்டில் சட்டம் சுவரோடு ஒட்டியிருந்ததால் சுவரில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் இருந்தாலும் கேட்கும். மாடியில் இருந்தாலும் கேட்கிற மாதிரி இருக்கும். குளிக்கும்போது காதில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும், அதற்குள்ளேயும் கேட்கும். எனக்குப் பயமாக இருந்தது. விரல் மெலிந்துவிட்டது, மோதிரம் கழன்று எங்கேயாவது விழுந்துவிடும் என்று சொல்லி அதைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு நகத்தால் சுரண்டினாள். அதற்கு அவ்வளவு சத்தம் இல்லை.

பிற்பாடு அவளும் பயந்துவிட்டாள். நான் அறைக்குள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். தூங்குகிறாள் என்று நான் நினைக்க வேண்டுமாம். இமை துடிப்பது எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷம் பக்கத்தில் படுத்தவன். நான் வெளியே போனதும் திறந்துகொள்வாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். ஸ்டூல் மேல் இருக்கும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பாள். மச்சினி வந்தால் கேட்பாளே என்று டம்ளரை மட்டும் நிரப்பி அங்கேயே வைத்திருந்தேன்.

இன்று காலை விரிப்பு மாற்றப் போனபோது அவள் கண் திறந்திருந்தது. நான் வந்தும் மூடவில்லை. நான் முதலில் மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். பழக்கம். பிறகுதான் அவளைத் தொட்டேன்.

டாக்டருக்கு நானே போன் செய்தேன். அவர் வந்து அவளுடைய புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கினார். தூக்கிய தோல் தூக்கியபடியே நின்றது. நாக்கைப் பார்த்தார். ஸ்டூலில் இருந்த நிறைந்த டம்ளரைப் பார்த்தார்.

"இவங்க கடைசியா எப்ப தண்ணி குடிச்சாங்க?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வரவில்லை. அவர் வெளியே போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டார்.

அதற்குள் மச்சினி வந்துவிட்டாள். அக்காமேல் விழுந்து அழுதாள். அழுதுகொண்டே, அவளை அறியாமல், விரிப்புக்கு அடியில் கையை விட்டாள். கை அங்கேயே நின்றது. அழுகையும் நின்றது. அவள் மெத்தையைப் பார்த்தாள், அக்காவின் வாயைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு கையை உருவி, அதில் ஏதோ ஒட்டியிருப்பது மாதிரி சேலையில் துடைத்துத் துடைத்து எடுத்தாள். அப்படியே பின்பக்கமாகவே நடந்து அறையை விட்டுப் போனாள். என்னை மாமா என்று கூப்பிடவில்லை.

அவள் மட்டும் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவளுக்குக் கொடுத்த வாக்கைத்தானே நான் காப்பாற்றினேன்.

எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீரை நான்தான் நிறுத்தினேன். தாகம் எடுக்கும் என்று தெரியும். அவள் கேட்டாள் என்றும் தெரியும், தட்டியது ஒவ்வொன்றும் என் காதில் விழுந்தது. டம்ளரை எட்டாத பக்கம் வைத்ததும் நான்தான், மோதிரத்தைக் கழற்றியதும் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் கூடச் சேர்த்து எழுதுங்கள். உயிர் போகும்போது உடம்பு தன்னை மறந்துவிடும், எப்பேர்ப்பட்ட மெத்தையும் நனைந்துவிடும் என்பார்கள். லாட்ஜில் நானே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். இது நனையவில்லை சார். நான் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஏன் எழுந்துவிட்டீர்கள்? வாருங்கள், விரிப்புக்கு அடியில் கையை விட்டு நீங்களே அழுத்திப் பாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை, காய்ந்துதான் இருக்கிறது.